மனச்சோர்வுக்கு அங்கவீனர் கொடுப்பனவு கேட்கலாமா?

மஸ்கெலியா மகள்:
அம்மாவுக்கு 46 வயது. தேயிலைத் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. போன தீபாவளிக்குப் பிறகு கொழுந்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். முதலில் உடம்பு வலி என்றார், தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் கொடுத்தார்கள். பக்கத்து லயத்து ஆச்சி பேச்சைக் கேட்டுப் பேய் ஓட்டும் கோடாங்கியையும் பார்த்தோம். கோழி போனதுதான் மிச்சம். இப்போது ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் மனச்சோர்வு என்று மருந்து கொடுக்கிறார்கள்.

காலையில் முடியை அவிழ்த்துப் போட்டுச் சீப்பைக் கையில் எடுப்பார். நான் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போதும் சீப்பு அதே கையில்தான் இருக்கும். முடி அப்படியே கிடக்கும். அடுப்பில் சோறு கருகினாலும் எழும்பமாட்டார்.

அப்பா இல்லை. தம்பி சாதாரண தரம் படிக்கிறான். நான் ஹட்டனில் துணிக்கடையில் நிற்கிறேன். கொடுப்பனவு விஷயமாக கிராம சேவகரிடம் போனால், "கை கால் நல்லாத்தானே இருக்கு, இதுக்கெல்லாம் எப்படி எழுதுறது?" என்கிறார். இதற்கு விண்ணப்பிக்கவே முடியாதா?

பண்டாரவளை ஐயா:
முடியும் மகள். சமூக சேவைப் பக்கம் நிறைய காலம் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க அங்கவீனர் உரிமைச் சட்டம் உடற்குறையை மட்டும் பேசவில்லை, மனக்குறையையும் சேர்த்தே சொல்கிறது. வாழ்க்கைத் தேவைகளைத் தானே முழுதாகவோ ஓரளவோ பார்த்துக்கொள்ள முடியாதவர் என்பதுதான் அங்கே கணக்கு. கை கால் எண்ணிப் பார்ப்பதற்கு அதில் இடமில்லை.

கிராம சேவகரோடு நின்றுவிடாமல் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். படிவத்தின் மருத்துவப் பகுதியை அம்மாவைப் பார்க்கும் கிளினிக் டாக்டர் நிரப்புவதுதான் நல்லது. ஆனால் அவருக்கு ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிஷம்கூடக் கிடைக்காது. "எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்பார், அம்மா "பரவாயில்லை சார்" என்பார், அவ்வளவுதான். நம் பெண்கள் டாக்டருக்கு முன்னால் வேறு எதுவும் சொல்லமாட்டார்கள். அதனால் இங்கே எழுதிய சீப்புக் கதையை, சோறு கருகிய கதையை ஒரு தாளில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். மனச்சோர்வு என்ற பெயரை மட்டும் பார்த்து யாரும் எதுவும் தரமாட்டார்கள். குளிக்க, சமைக்க, மருந்தை ஞாபகமாக எடுக்க இன்னொருவர் வேண்டியிருக்கிறது என்பதுதான் சான்றிதழில் வரவேண்டும்.

கொட்டகலை அண்ணன்:
ஐயா சொன்னது சரி. என் தம்பிக்கு இப்படித்தான் கிடைத்தது. குடும்ப வருமானமும் பார்ப்பார்கள் தங்கச்சி, அஸ்வெசும நலன்புரி உதவி விபரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தொகை 7,500 ரூபாயாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக்கினார்கள். கொடுத்த உடனே வராது, காத்திருக்கவேண்டி வரும். அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கலாம் என்று யாராவது வருவார்கள். நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்று டாக்டர் எழுதினால் எடுக்கலாம்தான். ஆனால் 46 வயதில், மருந்து தொடங்கியிருக்கும்போது அந்த வார்த்தையை ஏன் எழுதி வாங்க வேண்டும்? குணமாகித் திரும்ப மலைக்கு ஏறியவர்கள் இருக்கிறார்கள். இப்போதைக்கு மருத்துவச் சான்றிதழைத் தோட்ட ஒபிஸில் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்கி வையுங்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பெயர்ப் பதிவில், பெயரை வெட்டிவிட்டால் பிறகு தொழிற்சங்கத் தலைவர் பின்னால் அலைய வேண்டும்.

மஸ்கெலியா மகள்:
நன்றி ஐயா, அண்ணே. தாள் எழுதத் தொடங்கிவிட்டேன். சிங்களப் படிவம்தான் இருக்கிறது என்கிறார்கள், என்ன செய்வது? அப்புறம், சில ராத்திரி அம்மா "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிறார். அதையும் எழுதவா?

பண்டாரவளை ஐயா:
அதை முதல் வரியாக எழுதுங்கள். அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்துப் பையையும் தோட்டத்துப் பூச்சி மருந்தையும் அம்மா கைக்கு எட்டாமல் வையுங்கள், தனியாக விடாதீர்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

படிவத்துக்குத் தமிழில் கேளுங்கள், தமிழும் அரசகரும மொழிதான். இல்லை என்றால் விண்ணப்பத்தைத் தமிழில் கடிதமாக எழுதிக் கொடுத்து, திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்குங்கள். அந்த முத்திரை விழுந்த பிறகு படிவம் எங்கிருந்தாவது வந்துவிடும்.