கப்பி மாட்டியும் வாளி லேசாகலையே, பையன் கேக்குறான்

கொழிஞ்சாம்பாறைக்காரி:
பையன் அஞ்சாவது, தமிழ் மீடியம். எளிய எந்திரம் பாடம் நடக்குது, செஞ்சு காட்டலாம்னு பழைய கெணத்துக் கப்பிய கொய்யா மரத்துல கட்டி அஞ்சு லிட்டர் தண்ணி வாளிய தூக்க வெச்சேன். ரெண்டு இழுப்பு இழுத்துட்டு "சும்மா கையில தூக்குன மாதிரியே இருக்கும்மா, இதுக்கு எதுக்கு கப்பி?"ங்கறான். எனக்கு பதில் தெரியல. முன்னாடி ஆன்லைன்ல வாங்குன பிளாஸ்டிக் கிட்டு வேற ரெண்டே நாள்ல பல்லு ஒடஞ்சு கெடக்குது.

வேலந்தாவளம் வாத்தியார்:
பையன் சொல்றது சரிதானுங்க. மேல கட்டுன ஒத்தக் கப்பி பாரத்த கொறைக்காது, நாம கீழ பாத்து இழுக்க வசதி, அவ்ளோதான். இன்னொரு கப்பிய வாளிப் பிடியில மாட்டுங்க. கயித்தோட ஒரு முனைய கிளையில கட்டி, கீழ வந்து, வாளிக் கப்பிய சுத்தி, மேல் கப்பி ஏறி, கைக்கு வரட்டும். இப்ப வாளிய ரெண்டு கயிறு தாங்குது, பாதி பாரம்தான் கைக்கு. ஆனா வாளி ஒரு அடி ஏறணும்னா ரெண்டு அடி கயிறு இழுக்கணும். இத நீங்க சொல்லாதீங்க, கயித்துல சுண்ணாம்புல கோடு போட்டு அவனையே அளக்க விடுங்க. லக்கேஜ் எடை பாக்குற கொக்கி தராசு இருந்தா கயித்து முனையில மாட்டி இழுத்துப் பாக்கட்டும்.

தென்னந்தோப்பு:
கப்பியெல்லாம் அப்பறம், மொதல்ல பலகைதாங்க. ஒரு அடி படிக்கு மூணு அடி பலகைய சாச்சு வெச்சு பொம்மை வண்டிய இழுக்கச் சொல்லுங்க, சக்கரம் நல்லா ஓடுனா மூணுல ஒரு பங்கு பலம் போதும். நெம்மாறையிலருந்து நெல்லியாம்பதிக்கு ரோடு ஏன் வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு அப்ப அவனே கேப்பான். பேப்பர முக்கோணமா வெட்டி பென்சில்ல சுத்துனா அதே சாய்வு ஸ்க்ரூ மரை ஆயிரும். தேங்கா உரிக்கிற பாரையும் காட்டுங்க, குத்துற முனை ஆப்பு, திருகி நெம்புறப்ப நெம்புகோல். தூர நின்னு பாத்தா போதும், கிட்ட விட்ராதீங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
சார், பக்கத்து வீட்டுல இன்னொரு கப்பி வாங்கி மாட்டுனோம். ஒத்தக் கப்பியில தராசு ஆறு கிலோ காட்டுச்சு, ரெண்டுல மூணரை. பாதின்னீங்களே, மூணுதான வரணும்?

வேலந்தாவளம் வாத்தியார்:
துரு புடிச்ச கப்பிங்களா? ரெண்டு சொட்டு தேங்கா எண்ண விட்டுப் பாருங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
மூணேகாலுக்கு எறங்குச்சு. இப்ப எண்ணக் கிண்ணத்தோட வீட்டுக் கதவு கீலுக்கெல்லாம் கெளம்பிட்டான்.