டிகேபி புள்ளிகள் மூத்தவர்களிடம் குவிந்துவிட்டன: வேறு எந்த முறைக்கு மாறலாம்?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில் நாற்பது பேர் சேர்ந்து ரெய்ட் செய்யும் (பெரும் எதிரிகளோடு மோதும்) எங்கள் கில்டின், அதாவது குழுவின், புள்ளிக் கணக்கை நான் பார்த்து வருகிறேன். பாதிப்பேர் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். மற்றவர்கள் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து சேர்ந்துகொள்கிறார்கள். வாரம் முழுவதும் வந்தவருக்கு 100 டிகேபி புள்ளிகள் கிடைக்கும். எதிரியிடமிருந்து பொருள் விழுந்தால் அந்தப் புள்ளிகளால் ஏலம். ஆரம்ப விலை 50.

சென்ற கிழமை ரக்னரோஸ் என்ற பெரும் எதிரி (பாஸ்) அக்யூரியா மோதிரத்தைத் தந்தபோது, 2400 புள்ளிகள் வைத்திருந்த ஹண்டர் வகை வீரர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். மூன்று கிழமைகளாக ஒரு நாளும் தவறாமல் வந்த புதிய ரோக் தம்பியிடம் 300 புள்ளிகள்தான் இருந்தன. விதிப்படி எல்லாம் சரியே. ஆயினும் இப்படியே போனால் புதியவர்கள் எவரும் நிலைக்க மாட்டார்கள் என்று எனக்கு உண்மையான கவலை இருக்கிறது. மூத்தவர்களின் உழைப்பை அழிக்காமல் இதைச் சீர்செய்ய வழி உண்டா?

மறுமொழி (மட்டக்களப்பு)

எங்கள் கில்டில் பூச்சியக் கூட்டுத்தொகை முறையை வைத்திருந்தோம். பொருளை எடுத்தவர் கொடுக்கும் விலை, அன்றைக்கு வந்திருந்த மற்றவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படும். 390 புள்ளிகளுக்கு ஒரு பொருள் போனால், மற்ற 39 பேருக்கும் ஆளுக்குப் பத்து. ஏலச்சீட்டில் கழிவு மற்ற அங்கத்தவர்களுக்குப் பிரிவதைப் போலத்தான். புள்ளி வெளியிலிருந்து வந்து சேராததால் மொத்தம் பெருகாது. ஆனால் புதிய பாஸிடம் இரவு முழுவதும் தோற்றுத் திரும்பும் நாளில் எவருக்கும் ஒரு புள்ளியும் கிடைக்காது. கடினமான ரெய்ட்களுக்கு ஆட்கள் வராமற்போனதற்கு அதுவே காரணமாயிற்று. ஆகவே இதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி (தெஹிவளை)

தம்பி, அந்த ஹண்டரிடம் 2400 புள்ளிகள் எப்படிச் சேர்ந்தன என்பதை முதலில் பாருங்கள். ரக்னரோஸின் இடமான மோல்டன் கோரில் விழும் முதலாம் தொகுதிக் கவசங்கள் ஒவ்வொரு கிளாஸுக்கும் (ஹண்டர், ரோக் போன்ற வீரர் வகைக்கும்) தனித்தனியானவை. உங்களிடம் மூன்று ஹண்டர்கள் இருந்தால், அவர்களுக்குரிய கவசத்துக்குப் போட்டியே இருக்காது. பேசி வைத்தோ வைக்காமலோ எல்லாம் ஆரம்ப விலைக்கே போய்விடும். மோதிரம் போன்ற பொதுப்பொருளுக்கோ ரோக், வொரியர், ஹண்டர் என்று பத்துப் பதினைந்து பேர் மோதுவார்கள். கவசத்தை மலிவாக வாங்கி மிச்சம் பிடித்தவரே அங்கு வெல்வார். கூடிய விலை கேட்டவர் இரண்டாவது விலையைக் கொடுக்கும் மூடிய ஏலமும் இதைத் தீர்க்காது. போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் இரண்டாவது விலை என்பதே இல்லை.

என் கருத்தில் ஏலத்தையே நிறுத்திவிட்டு ஈபி-ஜீபி முறைக்கு மாறுவது நல்லது. வருகைக்கு உழைப்புப் புள்ளி (ஈபி), எடுத்த பொருளுக்கு நிலையான விலையில் பொருட்புள்ளி (ஜீபி). முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதே முன்னுரிமை. எதையும் எடுக்காதவருக்குப் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால், எல்லாருடைய பொருட்புள்ளியோடும் ஓர் அடிப்படை எண்ணைக் கூட்ட வேண்டும். அதை 200 என்று வையுங்கள். மிகவும் சிறிதாக வைத்தால் நேற்று வந்தவர் முதலிடத்துக்குத் தாவிவிடுவார்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. கிழமைக்குப் பத்து வீதம் புள்ளிகளைக் குறைக்கும் தேய்மானம் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அதை வைத்தாலே மூத்தவர்கள் கீழே வந்துவிடுவார்களா? அவர்களிடம் இருக்கும் புள்ளிகளை எப்படி மாற்றுவது?

மறுமொழி (தெஹிவளை)

உழைப்பும் பொருளும் ஒரே வீதத்தில் தேய்வதால், விகிதம் பெரிதாக மாறுவதில்லை. அடிப்படை எண் தேயாமல் நிற்பதால், வராமல் இருப்பவரின் முன்னுரிமை மட்டும் மெல்ல இறங்கும். தேய்மானத்தின் பயன் வேறு. கிழமைக்கு 100 பெறுபவர் எத்தனை ஆண்டுகள் விளையாடினாலும் 1000 புள்ளிகளைத் தாண்டிக் குவிக்க முடியாது; ஏழு கிழமைகளில் பழைய கணக்கின் எடை பாதிக்குச் சற்றுக் கீழே வந்துவிடும்.

மாற்றும்போது கையிருப்பைத் தொடாதீர்கள். ஆரம்பத்திலிருந்து ஒவ்வொருவரும் ஈட்டிய மொத்தத்தை உழைப்பாக எழுதுங்கள். எடுத்த பொருட்களையோ ஏலத்தில் போன விலைக்கன்றி, புதிய நிலையான விலைக்கு எழுதுங்கள். அந்த ஹண்டர் மோதிரத்துக்கு முன் ஆறு கவசத் துண்டுகளை ஐம்பது ஐம்பதாக வாங்கியிருந்தால், செலவு 300, ஈட்டியது 2700. துண்டுக்கு 200 என்று திருத்தினால் அவருடைய பொருட்புள்ளி அடிப்படையோடு 1400 ஆகும்; முன்னுரிமை 1.93. ரோக் தம்பிக்கு 300 ஐ 200 ஆல் வகுத்தால் 1.5. மூத்தவர் முன்னால் நிற்கிறார், அது நியாயந்தான். மோதிரத்தையும் 500 விலைக்கு எழுதியவுடன் அவர் 1.42 க்கு இறங்குவார்; அடுத்த பொருள் தம்பிக்கு. ஒருவருடைய உழைப்பும் அழியவில்லை, மலிவு விலை மட்டுமே திருத்தப்பட்டது. இந்தக் கணக்கை எல்லார் முன்னிலையிலும் பெயர் பெயராகக் காட்டுங்கள்; மறைத்துச் செய்தால் எந்தச் சூத்திரமும் எடுபடாது.

மறுமொழி (இலண்டன்)

வருகைப் புள்ளியிலும் கவனம் தேவை. கொழும்பில் சனி இரவு எட்டு மணி என்றால், கோடையில் எங்களுக்குப் பிற்பகல் மூன்றரை, டொரொண்டோவில் காலை பத்தரை. குளிர்காலத்தில் இரண்டும் ஒரு மணித்தியாலம் முந்திவிடும். நாற்பது இடங்களும் நிறைந்ததால் வெளியே காத்திருப்பவருக்கு முழுப்புள்ளியும் கொடுங்கள். இலங்கையில் மின்சாரம் நின்று நடுவில் இணைப்பு அறுந்தவருக்கும், இருபது நிமிடத்துக்குள் திரும்பினால் எதையும் குறைக்க வேண்டாம்.

கேட்டவர்

ஏற்றுக்கொள்கிறேன். பொருட்களின் பழைய பட்டியல் முழுவதும் என்னிடம் இருக்கிறது. புதிய விலைகளோடு எழுதி, புதன்கிழமைக்குள் உறுப்பினர்கள் எல்லாருக்கும் அனுப்புகிறேன். கார், பாரன் கெடன் என்ற பாஸ்களிடம் விழும், தண்டர்ஃபியூரி வாளுக்கான பிணைப்புகளுக்கும் விலை வைக்க வேண்டுமா?

மறுமொழி (தெஹிவளை)

வேண்டாம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்தான் வாள் உருவாகும். முதலாவது விழுவதற்கு முன்பே, எந்த டேங்குக்கு (எதிரியின் அடியைத் தாங்கும் வீரருக்கு) என்று கூடிப்பேசி முடிவுசெய்து எழுதி வையுங்கள்.