கொழும்பில் காணி, வீட்டுத் தரகுக்குப் புதுப் பிள்ளைகளை எடுத்தால் முதலில் எதைப் படிப்பிப்பது?

காலிவீதி_வாசி:
வணக்கம். வெள்ளவத்தையில் சின்னதாக நடக்கும் ஓர் ஆதன விற்பனை அலுவலகத்துக்கு இரண்டு பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள். உயர்தரம் முடித்தவர்கள். சிங்களம் நன்றாகக் கதைப்பார்கள், வாசிப்பது கஷ்டம். உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் நில அளவையாளருக்கும் இருப்பதுபோல் தரகருக்கென்று பரீட்சை ஒன்றும் இல்லாததால், "ஒரு கிழமை கூடத் திரிந்தால் தானாகப் பழகிவிடும்" என்று அலுவலகத்தில் ஒரு பக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்று மாதம் ஒதுக்கலாம். எதை, எந்த ஒழுங்கில் படிப்பிப்பது? வெளியில் எங்கே அனுப்பலாம்? ஆளை மடக்கும் பேச்சுப் பயிற்சி வேண்டாம். எங்கே பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்பதுதான் தேவை.

தோம்பு_பார்ப்பவர்:
முதல் மாதம் முழுக்க உறுதி, அதாவது காணிப் பத்திர வாசிப்பு. வேறொன்றும் வேண்டாம்.

பத்துப் பழைய உறுதிகளைப் பிரதி எடுத்து, பெயர்களை மறைத்துக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதட்டும்: உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசு, கொடுத்தவர், வாங்கியவர், கொடுத்தவருக்கு உரித்து வந்த வழி, நில அளவைப் படத்தின் இலக்கமும் திகதியும், லொட் (துண்டு) இலக்கம், நான்கு எல்லை, பரப்பளவு. பத்தாவது உறுதிக்கு வரும்போது கண் தானாகவே காணியை விவரிக்கும் கடைசிப் பக்கத்து அட்டவணைக்குப் போகும். அந்தப் பழக்கம் வராமல் ஒருவரையும் வாடிக்கையாளரிடம் அனுப்பாதீர்கள்.

கொழும்பில் திரும்பத் திரும்பப் பிழைக்கும் இடம் நன்கொடை உறுதி. தாய் தகப்பன் வீட்டை மகளுக்கு எழுதியிருப்பார்கள், சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, தங்களிடமே வைத்திருப்பார்கள். மகள் வந்து "என் பெயரில்தான் வீடு, விற்றுத் தாருங்கள்" என்பார். முதல் பக்கத்தைப் பார்த்தால் அது உண்மை. உள்ளே அந்த ஒரு வரி இருக்கும். பெற்றோர் கையெழுத்திட்டு அந்த உரித்தை விடாமல் வாங்குபவருக்கு வீடு முழுதாகக் கிடைக்காது. அதைப் பார்க்காமல் விளம்பரம் போட்டு, ஆள் பிடித்து, அட்வான்ஸும் வாங்கிய பிறகு நொத்தாரிசு கண்டுபிடித்தால் மூன்று பக்கமும் முகம் கறுக்கும். நன்கொடையைப் பெற்றவர் அதே உறுதியில் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறாரா என்பதையும் பார்க்கப் பழக்குங்கள்.

அடுத்தது அற்றோணித் தத்துவம், தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளில் எத்தனையோ பேருக்கு உரிமையாளர் வெளிநாட்டில். மூன்று கேள்வி போதும்: விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா? இங்கே பதிவாகியிருக்கிறதா? எழுதிக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. வாடகை வாங்கவும் வீட்டைப் பராமரிக்கவும் கொடுத்த பத்திரத்தை வைத்து விற்க வருகிறவர்களும் உண்டு. அநேகமானோர் ஏமாற்ற வருவதில்லை, தங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்கே விளங்குவதில்லை.

இரண்டு சட்டங்களின் உள்ளடக்கம் மட்டும் போதும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனையும், விற்பதற்கான உடன்பாடும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் இருக்க வேண்டும். துண்டுக் கடதாசியில் முத்திரை ஒட்டி "இவருக்கே விற்பேன்" என்று வாங்கிய கையெழுத்தை வைத்து விற்பனையைக் கட்டாயப்படுத்த முடியாது. மற்றது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம். உறுதி எழுதினால் மட்டும் போதாது, பதிய வேண்டும். முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை போகக்கூடும்.

காணிப் பதிவகத்துக்கு ஒரு முறையாவது கூட்டிப் போய்த் தோம்பு, அதாவது அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கம், பார்க்கக் காட்டுங்கள். குறைந்தது 30 வருடம் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். ஈடு (அடமானம்), வழக்குப் பதிவு, பறிமுதல் அறிவித்தல் மூன்றும் எந்த நிரலில் ஏறுகின்றன என்று கண்ணால் கண்டால் மறக்காது. ஆனால் "உரித்து சுத்தம்" என்று சொல்வது தரகரின் வேலையல்ல, அது நொத்தாரிசின் வேலை. தரகர் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: "இந்த இந்தப் பத்திரம் பார்த்தேன், இது இன்னும் வரவில்லை."

அளவுநாடா:
ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் கடதாசியை மட்டும் வாசித்தால் காணி தெரியாது. இரண்டாம் கிழமையிலிருந்தே 100 அடி நாடாவும் நில அளவைப் படத்தின் பிரதியும் கையில் கொடுத்துக் காணிக்கு அனுப்புங்கள்.

1 பேர்ச் 272.25 சதுர அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். வடக்கிலிருந்து வருபவர்கள் பரப்பில்தான் கணக்குப் பார்ப்பார்கள்; 1 பரப்பு 10 பேர்ச். இது நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

கணக்கு ஒன்று செய்து காட்டுங்கள். முகப்பு 33 அடி, ஆழம் 82½ அடி. பெருக்கினால் 2,722.5 சதுர அடி, சரியாக 10 பேர்ச். இப்போது மாநகர சபையின் வீதிக் கோடு (வீதியை அகலிக்க ஒதுக்கிய எல்லை) முகப்பில் 5 அடி உள்ளே வருகிறது என்று வையுங்கள். 33 × 5 = 165 சதுர அடி, ஏறத்தாழ 0.6 பேர்ச். உறுதியில் 10 பேர்ச்தான் இருக்கும், கட்டிடத்துக்குக் கணக்கில் வருவது 9.4. பேர்ச் 80 லட்சம் என்று பேசினால் அந்த 5 அடியின் விலை 48 லட்சம். வாங்குபவர் கட்டிடக் கலைஞரிடம் போகும் நாளில் இது வெளியே வரும், அன்றைக்குத் தரகரின் பெயர் அடிபடும். ஆகவே வீதிக் கோட்டுச் சான்றிதழை விளம்பரத்துக்கு முன்பே கேளுங்கள். எந்தச் சபை என்பதையும் பார்க்க வேண்டும். காலி வீதி ஒன்றுதான்; வெள்ளவத்தைப் பக்கம் கொழும்பு மாநகர சபை, கால்வாய் தாண்டினால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை.

இன்னொன்று: "12 பேர்ச், இரண்டாகப் பிரிக்கலாம்" என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் ஒரு துண்டுக்குப் பொதுவான ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 6 பேர்ச். பின் துண்டுக்கு வழி விட்டால் இரண்டில் ஒன்று கட்டாயம் 6க்குக் கீழே போகும். தரகர் வாய்விட்டுச் சொன்ன "பிரிக்கலாம்" என்ற சொல்லை நம்பி மனிதர் கடன் எடுத்திருப்பார்.

கொழும்பு06:
பாடநெறி பற்றிக் கேட்டீர்கள். பட்டப் படிப்பு என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஆதன முகாமைத்துவமும் மதிப்பீடும் தனித் துறையாகவே இருக்கிறது. மதிப்பீட்டுத் தொழிலுக்கு மதிப்பீட்டாளர் நிறுவகம் இருக்கிறது. இரண்டும் வருடக் கணக்கான பாதை, உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது அல்ல. குறுகிய பாடநெறி என்றால் பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். உறுதி, நில அளவைப் படம், தொடர்மாடிச் சட்டம், வரி நான்கும் இல்லாமல் வெறும் விற்பனை உத்தி மட்டும் இருந்தால் விடுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை, வாழ்க்கைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்றும் கேளுங்கள்.

மாடிவீடு:
வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தொடர்மாடியைப் படிப்பிக்காமல் விடக்கூடாது. அங்கே கைமாறுவதில் காணியை விட மாடி வீடுதான் அதிகம்.

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் கட்டிடத்தின் கொண்டோமினியம் பிளான் (ஒவ்வொரு மாடி வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் படம்) பதிவாகியிருந்தால்தான் அந்த ஒரு வீட்டுக்கென்று தனி உறுதி எழுதலாம். பதிவாகாத கட்டிடத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பது நிலத்தில் பிரிபடாத பங்கு. ஆள் குடியிருப்பார், சாவி கையில் இருக்கும், ஆனால் வங்கி கடனுக்கு வரும்போது கை விரிக்கும். ஆகவே முதற் கேள்வி "எத்தனை அறை" அல்ல, "கொண்டோமினியம் பிளான் பதிந்ததா, பாவனைக்கான இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா" என்பதே.

சதுர அடியிலும் கவனம். 1,250 என்று விளம்பரத்தில் வரும், பிளானில் 1,080 இருக்கும். வித்தியாசம் நடைபாதை, மின்தூக்கி, படிக்கட்டு. பிளானில் உள்ள எண்ணைத்தான் எழுத வேண்டும். வாகனத் தரிப்பிடமும் அப்படித்தான்: உறுதியில் அந்த வீட்டின் துணைப் பகுதியாக இருக்கிறதா, அல்லது "இங்கே நிறுத்துங்கள்" என்று முன்பு யாரோ காட்டிய இடமா? இரண்டாவது என்றால் அதை விலையில் சேர்க்கக் கூடாது. கட்டிடத்தைப் பராமரிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு மாதக் கட்டண நிலுவை இல்லை என்ற கடிதமும் கையில் வேண்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவர் காணி கேட்டால் இன்னொரு கேள்வி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. "நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன்" என்பது குடியுரிமைச் சான்றிதழ் ஆகாது. இதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே பணிவாகக் கேட்கப் பழக்குங்கள், பத்தாவது வீட்டைக் காட்டிய பிறகு அல்ல.

காலிவீதி_வாசி:
எல்லோருக்கும் நன்றி. வரிக் கணக்கு இவர்கள் சொல்ல வேண்டுமா? பெரும் தொகை காசாகத் தருகிறோம் என்பவர்களை எப்படிக் கையாள்வது?

தோம்பு_பார்ப்பவர்:
என் அபிப்பிராயம், வரி பற்றித் தரகர் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது. பிழையாகச் சொன்னால் பொறுப்பு தலையில் விழும்.

கணக்குப்பிள்ளை:
அண்ணா, அதில் மட்டும் உங்களோடு உடன்பாடில்லை. வாங்குபவர் விலைக்கு மட்டும் காசைச் சேர்த்து வைத்துவிட்டு, உறுதி எழுதும் கிழமையில் முத்திரை வரியைக் கேட்டு நிலைகுலைகிறார். மதிப்பீடு என்று தெளிவாகச் சொல்லிக் கணக்கைக் காட்டலாம். விற்பனைக்கு முதல் 1 லட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. ஆகவே குறுக்கு வழி, மொத்தத்தில் 4% எடுத்து 1,000 ரூபாயைக் கழிப்பது. 3 கோடிக்கு 11,99,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம் தனி.

விற்பவருக்கு மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற இலாபத்தின் மீதான வரி. தனியாளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 15%. 2017 செப்டெம்பர் 30க்கு முன்பு வாங்கிய ஆதனம் என்றால் அன்றைய சந்தை மதிப்பே அடக்க விலை, ஆகவே மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவைப்படும். விற்ற ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். சொந்தமாக 3 வருடம் இருந்து, அதில் 2 வருடமாவது வசித்த வீட்டுக்கு விலக்கு உண்டு. தரகர் இவ்வளவு தெரிந்து, மிச்சத்துக்குக் கணக்காளரிடம் அனுப்பினால் போதும்.

காசு விடயம் கட்டாயப் பாடம். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடற் சட்டம் ஆதன முகவர்களையும் பிடிக்கும். கொள்வனவு, விற்பனை இரண்டிலும் வாடிக்கையாளரின் அடையாளம், முகவரி, பணத்தின் மூலம், பின்னால் உண்மையில் யார் வாங்குகிறார் என்பது எல்லாம் கேட்டுப் பதிய வேண்டும். பதிவுகளை 6 வருடம் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், அறிவித்ததை வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாது. அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். புதுப் பிள்ளை சந்தேகத்தை யாரிடம் சொல்வது என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள்.

அளவுநாடா:
சிங்களம் வாசிப்பது கஷ்டம் என்றீர்கள். முழு மொழியையும் படிக்கக் காத்திருக்க வேண்டாம், உறுதியில் வரும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஒப்புவ என்றால் உறுதி, சின்னக்கர அறுதி (முழு உரிமையோடு விற்பது), தேகி ஒப்புவ நன்கொடை உறுதி, ஜீவித புக்திய சீவிய உரித்து, நொபெதூ பிரிபடாத, மாயிம் எல்லைகள், உகஸ் ஈடு, பத்திரு தோம்புப் பிரதி. திசை உதுர (வடக்கு), நெகெனஹிர (கிழக்கு), தகுண (தெற்கு), படஹிர (மேற்கு). இந்தப் பன்னிரண்டையும் எழுத்தோடு அடையாளம் கண்டால் உறுதியின் எந்தப் பந்தியில் நின்று விளக்கம் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு கிழமைக்குள் முடியும்.