சாதுவான நாயகனின் கோபத்தை எழுதுவது எப்படி?

குடியாத்தம் வாசகர்:
வணக்கம். பேர்ணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதும் மனிதரை நாயகனாக வைத்துக் குறுநாவல் ஒன்று எழுதி வருகிறேன். குரலை உயர்த்தாதவர், முதலாளி ஏசினாலும் தலைகுனிந்து நிற்பவர். வாசித்துப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் அவரைக் கோழை என்கிறார்கள். ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்பதுபோல் கடைசி அத்தியாயத்தில் அவரைக் கொதித்தெழச் செய்து பார்த்தேன். வேறு யாரோ உள்ளே வந்து கத்திவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. அவருக்குள் கோபமும் வலிமையும் தொடக்கம் முதலே இருப்பதை வாசகருக்கு எப்படி உணர்த்துவது?

ஆற்காட்டுக் கூத்து ரசிகர்:
இதற்கு நம் வட ஆற்காட்டுக்காரர்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் பீமனின் சபதம் நினைவில் நிற்கும் அளவுக்குத் தருமன் நிற்பதில்லை. சூதில் தோற்றுக் காட்டுக்குப் புறப்படும்போது பீமன் தன் தோள்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான், அருச்சுனன் மணலை இறைத்துக்கொண்டே போகிறான், தருமனோ துணியால் முகத்தை மூடிக்கொள்கிறான். வெட்கம் என்றுதான் முதலில் தோன்றும். தன் சினந்த பார்வை பட்டு மக்கள் எரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே மூடிக்கொண்டான் என்று திருதராட்டிரனிடம் விதுரர் விளக்குகிறார்.

பிறகு விராடன் அவையில், கங்கன் என்ற பெயரில் மறைந்திருக்கும் அவன் முகத்தில் அரசன் சூதுக்காயை எறிய, மூக்கிலிருந்து இரத்தம் வழிகிறது. அது மண்ணில் விழாதபடி தருமன் கையில் ஏந்துகிறான். குறிப்பறிந்து திரௌபதி பாத்திரம் கொண்டுவந்து பிடிக்கிறாள். போர்க்களத்துக்கு வெளியே தன் இரத்தத்தைச் சிந்தவைத்தவனை அருச்சுனன் உயிரோடு விடமாட்டான் என்று தெரிந்திருப்பதால், வாயிலில் மாறுவேடத்து அருச்சுனனோடு வந்து நிற்கும் அரசன் மகன் உத்தரனை மட்டும் உள்ளே விடும்படி வாயிற்காவலனின் காதில் சொல்லியனுப்புகிறான். அடித்தவனின் உயிர் அந்தக் கணத்தில் அடிபட்டவனின் கையில் இருக்கிறது. அரசனுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். உங்கள் கணக்கரின் கையிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் ஐயா.

காட்பாடி ஆசிரியை:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒருமுறைகூட வெளிப்படாத சினத்தை வாசகர் நம்பமாட்டார். கம்பனின் இராமன் கடலிடம் வழி கேட்டு ஏழு நாள் புல்லின்மேல் கிடந்த பிறகே வில்லை எடுக்கிறான். அந்த ஏழு நாளை எழுதாமல் வில்லை மட்டும் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

குடியாத்தம் வாசகர்:
ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. கூலிப் பேரேட்டை முதலாளி விசிறியடிக்கும் காட்சி மூன்றாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அதில் அவரை வெறுமனே குனிந்து எடுக்க வைத்திருந்தேன். இப்போது, கசங்கிய பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, பிடித்தம் செய்யப்பட்ட கூலியை ஆள்வாரியாகத் தேதியிட்டு அதிலேயே எழுதிவைக்கிறார். கடைசி அத்தியாயத்தின் கத்தலை நீக்கிவிட்டேன். அந்தப் பேரேட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அவர் வேலூருக்குப் பேருந்து ஏறுவதை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.