பூசணம் பிடித்த சோளத்தை என்ன செய்வீர்கள்?

மழைக்காகம்:

கென்யாவில் மக்குவேனி பக்கம் எட்டு மாதம் ஓர் ஊட்டச்சத்து ஆய்வில் இருந்தேன். கம்பா மக்கள் வாழும் வறண்ட பூமி. மார்ச் மாதம் வரும் பெருமழையை அங்கே யாரும் அவ்வளவாக நம்புவதில்லை. அக்டோபரில் தொடங்கும் குறுமழைதான் சோறு போடும். சோறு என்றால் மக்காச்சோளம்.

எங்களை அங்கே இழுத்துப்போனது 2004-இல் நடந்தது. மக்குவேனி, கிடுயி வட்டாரத்தில் அந்த ஆண்டு சோளம் சாப்பிட்டே 317 பேருக்குக் கல்லீரல் பழுதானது; 125 பேர் இறந்தார்கள். ஈரம் காயாமல் வீட்டுக்குள் அடுக்கிய சோளத்தில் பூசணம் பூத்து, அதிலிருந்து வந்த அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. அப்போது சந்தைகளில் எடுத்த மாதிரிகளில் பாதிக்கு மேல், 100 கோடியில் 20 பங்கு என்ற வரம்பைத் தாண்டியிருந்தன. அப்புறம்தான் வரம்பை 10 ஆகக் குறைத்தார்கள்.

எங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்வி: "பூசணம் பிடித்த சோளத்தைத் தனியே எடுத்துவிடுவீர்களா?" போன வீட்டிலெல்லாம் "ஆமாம்". டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம். எல்லாரும் விவரமாக இருக்கிறார்களே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம் வேறு.

ஒருநாள் ஒரு பாட்டி வீட்டில் மழை பிடித்துக்கொண்டது. (அங்கே வயதான பெண்களை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு வாயில் வரவே இரண்டு வாரம் ஆனது. கூப்பிடும்போதெல்லாம் மதுரையில் இருக்கும் என் மாமாவின் மீசை நினைவுக்கு வரும்.) கேள்விகள் முடிந்துவிட்டன, வெளியே போக வழியில்லை. அவர் பாட்டுக்கு முறம் போன்ற தட்டை மடியில் வைத்துச் சோளம் பொறுக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். விரல்கள் போன வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை. மூன்று குவியல் சேர்ந்தது. வெள்ளையாக, முழுசாக இருப்பது ஒன்று. உடைந்தது, லேசாக நிறம் மாறியது இன்னொன்று. பச்சையும் கறுப்புமாகப் பொடி படிந்தது மூன்றாவது.

எது எங்கே போகும் என்று உடன் வந்த உள்ளூர்ப் பெண் மூலம் கேட்டேன். முதல் குவியல் மாவுக்கு, உகாலி என்ற களி கிண்ட. இரண்டாவது முதோகோய்க்கு. அதாவது உரலில் போட்டு, தண்ணீர் தெளித்துக் குத்தித் தோலையும் முளையையும் நீக்கி, கழுவி, பயறோடு வேகவைப்பது. இதில் பாட்டி சொன்னது சரிதான்: நஞ்சில் நிறைய தோலிலும் முளையிலும்தான் தங்குகிறது, குத்தினால் ஓரளவு குறையும். மூன்றாவது? "கோழிக்கு." மிஞ்சினால்? சரக்கு காய்ச்சுகிறவர் வந்து வாங்கிக்கொள்வாராம்.

ஆக, தனியே எடுப்பது உண்மை. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தூக்கி எறிகிறீர்களா என்று நாங்கள் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். "எடுத்ததை எங்கே போடுவீர்கள்?" என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று மேலிடத்தில் கேட்டேன். பாதியில் மாற்றினால் பழைய தரவோடு ஒப்பிட முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆனாலும் இன்றுவரை உறுத்துகிறது.

---

லோட்வார்க்காரன்:

அக்கா, அப்படியே வட கென்யாவில் எங்கள் துர்கானா கதை. குழந்தையின் மேற்கையில் அளவு நாடாவைச் சுற்றுவோம். 11.5 செ.மீ-க்குக் கீழே போனால் சிவப்பு, கடும் ஊட்டக்குறைவு. வேர்க்கடலை விழுதுப் பொட்டலம் கொடுத்து அனுப்புவோம். ஒன்று 92 கிராம், 500 கலோரி. மறுவாரம் "பிள்ளை சாப்பிட்டானா?" என்றால் "சாப்பிட்டான்". எடையோ அசையாது. ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன்: அம்மா பொட்டலத்தின் மூலையைக் கடித்துக் கிழித்து, சின்னவன் வாயில் ஒரு பிதுக்கு, பெரியவளுக்கு ஒரு பிதுக்கு, நடுவிலுள்ளவனுக்கு ஒன்று. நோயாளிக்கு மட்டும் என்று மூன்று பிள்ளைகள் பார்க்க எந்தத் தாய் கொடுப்பாள்? நான் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

---

வள்ளிக்கிழங்கு:

நான் உகாண்டா. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் சர்க்கரைவள்ளி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வைட்டமின் ஏ குறைபாட்டுக்காகப் பரப்பியது. அதற்காகப் பாடுபட்ட ராபர்ட் முவாங்கா உட்பட நான்கு பேருக்கு 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. எங்கள் ஊரில் பிள்ளைகள் அள்ளி அள்ளித் தின்றார்கள். பெரியவர்கள்தான் மூக்கைச் சுளித்தார்கள். அவர்களுக்கு மாவு மாவாக, விக்குகிற மாதிரி வேண்டும், இது கொழகொழவென்று இருக்கிறதாம். ஆனால் மறு வருடம் யாரும் நடாததற்கு ருசி காரணமில்லை. கோடையில் கொடி காய்ந்துவிட்டது, நட விதைக்கொடி இல்லை. "பிடித்திருக்கிறதா?" என்று பக்கம் பக்கமாகக் கேட்ட எங்கள் தாளில், கொடியை எங்கே காப்பாற்றி வைப்பீர்கள் என்ற கேள்வி கிடையாது. சதுப்பு ஓரம் நிலம் இருந்த இரண்டு வீட்டில் மட்டும் பிழைத்தது.

---

லோட்வார்க்காரன்:

மழைக்காகம் அக்கா, ஒரு சந்தேகம். கோழிக்குப் போடாதீங்க என்று அந்தப் பாட்டியிடம் சொன்னீர்களா? முட்டை வழியாக வராதா?

---

மழைக்காகம்:

முட்டையில் வருவது சொற்பம் தம்பி. மாட்டுக்குப் போட்டால்தான் வம்பு, பாலில் இறங்கும். சொல்லாமல் இருப்பேனா? ஈரம் பார்க்கும் சோடா பாட்டில் வித்தையைக்கூடச் செய்து காட்டினேன்: காய்ந்த பாட்டிலில் சோளத்தோடு ஒரு பிடி உலர்ந்த உப்பைப் போட்டுக் குலுக்கினால், காயாத சோளமென்றால் உப்பு கண்ணாடியில் ஒட்டும். ஒட்டியது. பாட்டி அசரவே இல்லை. காயவில்லை என்று அவருக்கே தெரியும், வயலில் விட்டால் ராத்திரியில் திருடிவிடுவார்கள் என்றுதான் முன்பே ஒடித்து வந்தாராம்.

அப்புறம் அந்த மூன்றாவது குவியலை கோரோகோரோவில் அள்ளி என் முன்னால் வைத்தார். இரண்டு கிலோ பிடிக்கும் தகர டப்பா அது, அங்கே சந்தையில் அதுதான் படி. முக்கால் டப்பா இருந்தது. "கொட்டிவிடு என்கிறாய். சரி, நீ என்ன விலைக்கு எடுத்துக்கொள்வாய்?" என்றார். மழை விட்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.