ஏற்காட்டுல இடி மழைக்கப்புறம் பறிச்ச காளான், சாப்பிடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

சேலத்து_மாம்பழம்:
வணக்கம் மக்களே, நான் சேலம் அஸ்தம்பட்டி. கொஞ்ச நாளா யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க ஏப்ரல் மே மாசத்துல காட்டுக்குள்ள போயி மோரல்னு ஒரு காளான் பறிக்கிற வீடியோவா பாத்துட்டு இருக்கேன், தேனடை மாதிரி குழி குழியா இருக்கும்ல அதுதான். நம்ம ஊர்லயும் சித்திரை மழைல காளான் வரும்னு சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்கேன். போன வாரம் ஏற்காட்டுல ரெண்டு நாள் செம இடி மழை, ஞாயித்துக்கிழமை மச்சானோட பிரெண்டு ஒருத்தர் காப்பி தோட்டத்துக்குப் போனோம், அங்க ஒரு பழைய சில்வர் ஓக் வேரடில வெள்ளை சாம்பல் கலந்த கலர்ல கொத்தா நின்னுச்சு. ஆசைல ஒரு இருபது பிடுங்கி கேரி பேக்ல போட்டு கொண்டாந்தேன், 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி வீடு வர்றதுக்குள்ள பாதி கூழாயிருச்சு. சாயங்காலம் பீருக்கு சைடு டிஷ்ஷா பெப்பர் ஃபிரை போடலாம்னு பிளான், அம்மா பையத் தொறந்து பாத்துட்டு "இது அடுப்படிக்குள்ள வந்துச்சு, நீயும் வெளியதான்"னுட்டாங்க. மிச்சம் ஃபிரிட்ஜ்ல இருக்கு. மேலருந்து எடுத்த போட்டோ போட்டிருக்கேன். நல்ல காளானா நாய்க்குடையா? அந்த மோரல் நம்ம மலைல கெடைக்குமா?

நாகலூர்க்காரன்:
தம்பி, மொதல்ல அத சாப்புடாத. குடைய மட்டும் மேலருந்து போட்டோ எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அடிய எங்க? பிடுங்கறப்பவே ஒடச்சிருப்ப.

நாங்க திங்கறது புத்துக்காளான். அத கையால இழுக்க மாட்டோம், ஒரு குச்சிய வச்சு சுத்தி மண்ண நோண்டிட்டே போவோம். காம்பு மண்ணுக்கு மேல வெரல் தண்டிக்கு இருக்கும், உள்ள போகப் போக எலிவால் மாதிரி சிறுத்துகிட்டே ஒரு சாண், ரெண்டு சாண் கூட போகும், கடைசில கரையான் கூட்டுல போய் முட்டும், அங்க பஞ்சு மாதிரி பொலபொலன்னு ஒண்ணு இருக்கும். குடை நடுவுல ஆணி முனை மாதிரி ஒரு கூம்பு, மண்ணக் குத்திட்டு வர்றதுக்கு. இதெல்லாம் ஒண்ணா இருந்தாத்தான் எங்கப்பத்தா கூடைல போடும், ஒண்ணு கொறஞ்சாலும் அங்கயே விட்டுட்டு வந்துரும். இன்னொண்ணு அரிசிக்காளான், அரிசிய வாரி எறச்ச மாதிரி நூத்துக்கணக்குல பொடிசா முளைக்கும், அதுவும் கரையான் இருக்கற மண்ணுலதான், ஆனா அதுக்கு அந்த நீட்டு வேர் இருக்காது. மரத்தடில கொத்தா வர்றத எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க.

பொழுது கெளம்பறதுக்கு முன்ன மொட்டா இருக்கறப்ப எடுக்கணும், மத்தியானத்துக்குள்ள விரிஞ்சு புழு வச்சிரும். சின்ன வெங்காயம், மொளகு, தேங்கா அரைச்சு ஊத்தி மண்சட்டில கொதிக்க விட்டா, அன்னைக்கு கறிக்கடைப் பக்கம் யாரும் போக மாட்டாங்க.

இன்னொன்னு, காப்பிச் செடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிப்பாங்க, அது சொட்டுன எடத்துல நல்ல காளானே வந்தாலும் எடுக்காத. தோட்டத்துக்குள்ள போறதுன்னா அங்க கணக்குப் பாக்கற ரைட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ. ரிசர்வ் பாரஸ்ட்டுக்குள்ள கால வைக்காத. விடியக்காலைல காட்டெருமை நிக்கும், அது உனக்கு வழி விடாது, நீதான் விடணும்.

பழைய_சோறு:
இவ்ளோ யோசனை எதுக்கு பாஸ். கொதிக்கிறப்ப ஒரு பூண்டு இல்லன்னா வெள்ளிக் காசு போடுங்க, கருத்தா விஷம், கருக்கலன்னா சாப்பிடுங்க. புழு பூச்சி கடிச்சிருந்தாலும் நல்ல காளான்தான். எங்க வீட்ல காலங்காலமா இப்படித்தான்.

பூஞ்சை_பைத்தியம்:
பழைய சோறு அண்ணே, கோச்சுக்காதீங்க, இந்தப் பூண்டு டெஸ்ட்ட நம்பி உலகம் பூரா ஆள் செத்திருக்காங்க. டெத் கேப்னு ஒரு காளான், அதுல இருக்கற அமடாக்சின்ங்கற விஷம் பூண்டையும் கருக்க வைக்காது வெள்ளியையும் கருக்க வைக்காது, எவ்ளோ கொதிக்க வச்சாலும் போகாது, சாப்பிட்டவங்க ருசியா இருந்துச்சுன்னு வேற சொல்லியிருக்காங்க. நத்தையும் புழுவும் அத நல்லாவே திங்கும், அதுங்க ஒடம்பு வேற நம்ம ஒடம்பு வேற. ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, ரெண்டாவது நாள் சரியான மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போயிருவாங்க, அதுக்கப்புறம்தான் ஈரல் போகும். 2022 ஏப்ரல்ல அஸ்ஸாம்ல காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் செத்தாங்க, நெறைய பேர் தேயிலைத் தோட்டத்துக்காரங்க, வருசா வருசம் பறிச்சு சாப்பிட்டுப் பழகுனவங்கதான்.

மாம்பழம், உங்க கேள்விக்கு வர்றேன். மோரல நம்ம பக்கம் தேடாதீங்க. அது ஹிமாச்சல், காஷ்மீர், உத்தரகாண்ட் பக்கம் பனி உருகுனதும் வர்றது, அங்க இந்தில "குச்சி"ன்னு (guchhi) சொல்வாங்க, காய வச்சது கிலோ ஆயிரக்கணக்குல போகும். வெளிநாட்டுல செத்துட்டு இருக்கற எல்ம் மரத்தடி, தீ புடிச்ச காடுன்னு பாத்துத் தேடுவாங்க. நெட்டுக்கு வெட்டுனா குடைலருந்து காம்பு வரைக்கும் உள்ள மொத்தமா வெத்தா இருக்கணும், போலி மோரல்ல உள்ள அறை அறையா அடச்சிருக்கும். நல்ல மோரலையே பச்சையா திங்கக்கூடாது, 2023ல அமெரிக்கால மோன்டானா மாநிலத்துல ஒரு ஹோட்டல்ல வேகாத மோரல் சாப்பிட்டு 51 பேருக்கு ஒடம்புக்கு முடியாமப் போயி ரெண்டு பேர் எறந்தாங்க. வீடியோல இதெல்லாம் காட்ட மாட்டான், கூடைய மட்டும் காட்டுவான்.

இப்ப ஒரு கேள்வி. கூழாயிருச்சுன்னீங்களே, அந்தக் கூழு என்ன கலர்?

ஓமலூர்_அக்கா:
நான் பட்ட கதைய சொல்றேன் தம்பி. எங்க லேஅவுட்ல புல்லு வளத்து வச்சிருக்கற எடத்துல மழைக்கப்புறம் தட்டு அகலத்துக்கு வெள்ளை வெளேர்னு காளான், மேல லேசா பழுப்பு செதில், பாக்க அவ்ளோ அழகு, எங்க வீட்டுக்காரர் பால் காளான்தான் இதுன்னு அடிச்சு சொல்லிட்டாரு, நானும் நம்பி எட்டு மணிக்கு கிரேவி வச்சு சப்பாத்திக்கு சாப்பிட்டோம், பத்து மணிக்கெல்லாம் மூணு பேரும் பாத்ரூம் வாசல்ல வரிசைல நின்னோம், 108ல போட்டு கொண்டு போயி விடிய விடிய டிரிப்பு. டாக்டர் கேட்ட மொத கேள்வி "மிச்சம் காளான் இருக்கா"ன்னு, நான்தான் பாத்திரத்த தேச்சு கவுத்திட்டு வந்திருந்தேன். மறுவாரம் அதே எடத்துல ஒண்ணு முளைச்சிருந்துச்சு, ஒருத்தர் சொன்ன மாதிரி குடைய கவுத்து வெள்ளை பேப்பர்ல ராத்திரி வச்சு பாத்தா காலைல பேப்பர்ல பாசி கலர்ல பொடி. பால் காளான்னா வெள்ளையாதான் விழும்னாங்க. இப்ப எனக்கு காளான்னா கடைல பாக்கெட் மட்டும்தான். ரோட்டுக்கடை காளான் கூட சாப்பிடுவேன், அதுல பாதி முட்டைக்கோசுதான, பயமில்ல.

பூஞ்சை_பைத்தியம்:
அக்கா சொன்ன அந்த பேப்பர் டெஸ்ட் ரொம்ப முக்கியம். காம்ப வெட்டிட்டு குடைய பேப்பர்ல கவுத்து மேல ஒரு டம்ளர மூடி வைக்கணும், புத்துக்காளானுக்கு வித்துப் பொடி லேசா ரோஸ் சாயல்ல விழும். ஆனா இது மட்டும் பாத்து சாப்பிட்டுறாதீங்க, வேண்டாம்னு ஒதுக்கறதுக்குத்தான் இது உதவும். அக்கா சாப்பிட்டது பச்சை வித்துக் காளானாத்தான் இருக்கும், உலகத்துல நெறைய பேர் ஏமாந்து வாந்தி எடுக்கறது அதுலதான். எந்தக் காளான எடுத்தாலும் சமைக்காத ஒண்ண முழுசா, அடியோட, பேப்பர்ல சுத்தி எடுத்து வைங்க, நாளைக்கு டாக்டர் கேட்டா கொடுக்கலாம்.

சேலத்து_மாம்பழம்:
கலர் கேட்டீங்கல்ல, இப்பத்தான் ஃபிரிட்ஜ தொறந்து பாத்தேன். கறுப்புங்க, பேனா மை கொட்டுன மாதிரி கவரு பூரா ஒழுகிக் கெடக்கு. பக்கத்துல இருந்த தயிர் பாக்கெட்லயும் ஒட்டிருச்சு, அம்மா இன்னும் பாக்கல.

பூஞ்சை_பைத்தியம்:
அப்ப அது மைக்காளான் வகையா இருக்கலாம், வயசானா தன்னைத்தானே கரைச்சு மையா ஒழுகும், மரத்தடில கொத்தா வர்றதும் ஒத்துப் போகுது. போட்டோ வச்சு இன்ன இனம்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கூட்டத்துல ஒண்ணு இருக்கு, சும்மா சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது, கூட சரக்கு போனா மூஞ்சி செவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு வாந்தி எடுக்க வைக்கும், ரெண்டு மூணு நாள் கழிச்சு குடிச்சாலும் விடாது. நீங்க போட்ட பிளான் என்ன, பீருக்கு சைடு டிஷ்ஷா?

சேலத்து_மாம்பழம்:
ஐயோ. கொட்டிட்டேன், கொட்டிட்டேன். நாகலூர் அண்ணே, அடுத்த மழைக்கு நான் மேல வர்றேன், புத்துக்காளான் எப்படி நோண்டறதுன்னு கூட இருந்து காட்டுவீங்களா?

நாகலூர்க்காரன்:
வா தம்பி. இடி மழை பேஞ்ச மறுநாள் காலைல அஞ்சு மணிக்கு வீட்டு வாசல்ல நிக்கணும், லேட்டா வந்தா காப்பிதான் கெடைக்கும். நான் எடுத்துட்டு வர்றத வாசல்ல வச்சே காட்டறேன். எடத்த மட்டும் கேக்காத, எங்க சித்தப்பனுக்கே நான் சொல்லல.