எடுத்த ரன் அதிகம், ஆனாலும் கடைசி இடம்: பேஸ்பால் சிமுலேஷன் லீக்கில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்றாம் பேஸ்:
வணக்கம். 162 ஆட்ட சீசனில் 90 முடிந்திருக்கிறது. என் அணி 38 வெற்றி, 52 தோல்வி. எடுத்த ரன் 410, கொடுத்த ரன் 402. அப்படியும் பிரிவில் கடைசி இடம். ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் மட்டும் 9-23 (வெற்றி-தோல்வி). ஆட்டங்களை நான் நேரடியாக நடத்துவதில்லை. லைன்அப்பும் வியூகமும் போட்டு வைப்பேன், மீதியைக் கணினி ஓட்டும்.
இன்னொரு தலைவலி, என் முதல் பிட்சர். ஈஆர்ஏ (ஃபீல்டர் பிழையால் வராத ரன், ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்ற சராசரி) 4.70. அவரைக் கொடுத்தால் நல்ல பேட்டர் ஒருவரைத் தர ஒரு அணி தயாராக இருக்கிறது. ட்ரேட் (வீரர் பரிமாற்றம்) கெடு நெருங்குகிறது. கொடுத்துவிடலாமா?

இடக்கை:
கொடுத்துவிடுங்கள். 4.70 வைத்திருப்பவர் முதல் பிட்சரே இல்லை. விலை இருக்கும்போதே தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எட்டாவது இன்னிங்ஸ்:
அவசரப்படாதீர்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் பிட்டகோரியன் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ரன்களை வைத்து வெற்றி விகிதத்தைக் கணிப்பது அது. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 0.51 வருகிறது. அதாவது 90 ஆட்டத்தில் 46 வெற்றி வந்திருக்க வேண்டும். எட்டு குறைகிறது.
இதில் ராசிக்குப் பெரிய பங்கு உண்டு. 2012இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 712 ரன் எடுத்து 705 கொடுத்தது, ஆனால் 93 ஆட்டம் வென்றது. காரணம், ஒரு ரன் ஆட்டங்களில் 29-9. மறு வருடம் அதே கணக்கு 20-31 என்று கவிழ்ந்தது. உங்கள் கதை அதன் தலைகீழ்.
ஆனால் 9-23 முழுவதையும் ராசியின் தலையில் கட்ட மாட்டேன். தோற்ற ஒரு ரன் ஆட்டங்களின் பதிவைத் திறந்து, ஏழாவது இன்னிங்ஸுக்கு அப்புறம் யார் வீசினார் என்று மட்டும் பாருங்கள். அப்புறம், சாக்ரிஃபைஸ் பன்ட் (பேட்டர் பந்தை மெதுவாகத் தட்டித் தான் அவுட்டாகி, பேஸில் இருப்பவரை முன்னே நகர்த்துவது) அமைப்பு எந்த அளவில் இருக்கிறது?

வாக் எடுப்பவன்:
பிட்சர் விஷயத்துக்கு வருகிறேன். ஈஆர்ஏவை மட்டும் வைத்து யாரையும் விற்காதீர்கள். எத்தனை இன்னிங்ஸ், ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது), ஹோம் ரன்? தரைப்பந்து அதிகம் வாங்குபவரா? ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே) யார் நிற்கிறார்?

மூன்றாம் பேஸ்:
110 இன்னிங்ஸ், 118 ஸ்ட்ரைக்அவுட், 27 வாக், உடம்பில் பட்டது 3, ஹோம் ரன் 11. ஆமாம், தரைப்பந்துக்காரர்தான். எதிரணியின் பாபிப் (ஹோம் ரன் தவிர, அடித்துக் களத்துக்குள் விழும் பந்துகளில் ஹிட் ஆகும் விகிதம்) 0.345. ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பவர் உண்மையில் மூன்றாம் பேஸ் ஆள். நல்ல அடி, அதனால் லைன்அப்பில் இடம் கொடுக்க அங்கே போட்டேன். ஆனால் பிழை குறைவுதான், ஃபீல்டிங் சதவீதம் நன்றாகவே இருக்கிறது.
பன்ட் அமைப்பு ‘அடிக்கடி’ என்று இருக்கிறது. லீக் கொடுத்த இயல்பு நிலை அது. ஆட்டப் பதிவுகளை இன்றிரவு பார்க்கிறேன்.

வாக் எடுப்பவன்:
அப்படியென்றால் விற்கவே விற்காதீர்கள். ஃபிப் (ஃபீல்டர்களின் பங்கை விட்டுவிட்டுப் பிட்சரை மட்டும் அளக்கும் கணக்கு) போடுவோம்: ஹோம் ரன்னை 13ஆல் பெருக்கினால் 143. வாக்கும் உடம்பில் பட்டதும் சேர்த்து 30, அதை 3ஆல் பெருக்கினால் 90. ஸ்ட்ரைக்அவுட்டை இரண்டால் பெருக்கி 236ஐக் கழித்தால் மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம். இன்னிங்ஸால் வகுத்து, லீக் மாறிலியைக் கூட்ட வேண்டும். அது பொதுவாக 3.1 அருகில் இருக்கும். ஆக, அவர் 3.1 தரத்தில் வீசுகிறார். உங்களிடம் கேட்கும் அணியும் இதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறது.
பாபிப் வழக்கமாக 0.300 பக்கம் நிற்கும். உங்களுடையதில் கொஞ்சம் ராசி, கொஞ்சம் ஷார்ட்ஸ்டாப். ஃபீல்டிங் சதவீதம் இங்கே கண்ணைக் கட்டும். எட்டவே முடியாத பந்துக்குப் பிழை எழுத மாட்டார்கள், அது ஹிட் என்றுதான் பதிவாகும். ரேஞ்ச் (எவ்வளவு தூரத்துப் பந்தை எட்டுகிறார் என்ற) மதிப்பீட்டைப் பாருங்கள்.

இடக்கை:
பாபிப் கணக்கைப் பார்த்த பிறகு என் யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்றாம் பேஸ் ஆளின் அடியை இழக்க வேண்டாமே. டிஹெச் (ஃபீல்டிங் செய்யாமல் அடிக்க மட்டும் வருபவர்) இடம் காலியா?

மூன்றாம் பேஸ்:
டிஹெச் இடத்தில் வயதான ஒருவர் இருக்கிறார், அவரை உட்கார வைத்துவிடலாம். ரேஞ்ச் பார்த்தேன், லீக் ஷார்ட்ஸ்டாப்களில் இவருடையதுதான் மிகக் குறைவு.
பதிவுகளில் வேறொன்றும் சிக்கியது. ஏப்ரலில் க்ளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் பிட்சர்) காயப்பட்டபோது கணினி தானாகவே பொறுப்புகளை மாற்றியிருக்கிறது. அவர் திரும்பி வந்த பிறகும் என் சிறந்த ரிலீவர் (மாற்று பிட்சர்) நீண்ட ரிலீஃபிலேயே, அதாவது முடிவு தெரிந்த ஆட்டத்தில் பல இன்னிங்ஸ் வீசும் வேலையிலேயே, கிடக்கிறார். ஸ்கோர் 9-2 ஆன ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் வீசிவிட்டு, மறுநாள் 3-3 வரும்போது களைத்துப்போய் இருக்கிறார். ஏழு, எட்டாவது இன்னிங்ஸைத் தரத்தில் கடைசி இரண்டு பேர்தான் வீசுகிறார்கள்.

எட்டாவது இன்னிங்ஸ்:
நான் சந்தேகப்பட்டது அதைத்தான். அவரை ‘செட்அப்’ (க்ளோசருக்கு முந்தைய இன்னிங்ஸை வீசுபவர்) ஆக்குங்கள், சமநிலையிலும் இறங்க அனுமதி கொடுங்கள். களைப்பு நீங்கும் வரை இரண்டு நாள் தொடாதீர்கள். நீண்ட ரிலீஃபுக்குக் கடைசி ஆளைப் போடுங்கள். 9-2இல் அவர் நான்கு ரன் கொடுத்தாலும் கவலையில்லை.
பன்ட்டை ‘அரிதாக’ ஆக்கிவிடுங்கள். அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.9 ரன் அளவுக்கு எதிர்பார்க்கலாம். ஒரு அவுட் கொடுத்து இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினால் அது 0.7க்கு இறங்குகிறது. கடைசியில் ஒரே ஒரு ரன் போதும் என்ற நிலையில், மட்டமான பேட்டர் நிற்கும்போது மட்டும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேஸ் திருட்டும் அப்படித்தான், பத்துக்கு ஏழாவது தேறாத ஆளை ஓட விடாதீர்கள்.

மூன்றாம் பேஸ்:
மாற்றிவிட்டேன். ட்ரேடுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். துணை அணியிலிருந்து ரேஞ்ச் உள்ள ஷார்ட்ஸ்டாப் ஒருவரை ஏற்றியிருக்கிறேன், ஆனால் சராசரி 0.220 தாண்ட மாட்டார் போல. லைன்அப்பில் எங்கே போடுவது?

வாக் எடுப்பவன்:
ஒன்பதாவது. ஆன்-பேஸ் சதவீதம் (அவுட்டாகாமல் பேஸை அடையும் விகிதம்) அதிகமுள்ளவரை முதலில் வையுங்கள், ஹோம் ரன் அடிப்பவர் அல்ல. அடுத்த சில வாரம் வெற்றி-தோல்வியைவிட அந்த பிட்சரின் பாபிப்பைக் கவனியுங்கள். இறங்கவில்லை என்றால் இரண்டாம் பேஸ் ஆளின் ரேஞ்சையும் இங்கே போடுங்கள்.